மூச்சுப் பழகும் முதியோருக்கு நாம் செய்யத்தக்கது



நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் நிமோனியாவினாலோ பெரிய அறுவைச் சிகிச்சையினாலோ சுவாச இயந்திரத்தில் இருக்கிறார். "இன்று இயந்திரத்தின் உதவியைக் குறைத்துப் பார்க்கிறோம்" என்று வைத்தியர் சொல்கிறார். உடனே வீட்டார் சிலர், "கைவிட்டு விட்டார்களோ?" என்று நடுங்குகிறார்கள். பெரும்பாலும் அப்படியன்று; நோய் தணிந்து வருவதன் அடையாளமே அது. ஐயம் இருந்தால் வைத்தியரையே கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள்.

எனினும் முதியவருக்கு அவை கடினமான உழைப்பு நாட்கள். ஏன்? விலா எலும்புகளுக்கு அடியில் உதரவிதானம் என்னும் தசை இருக்கிறது. நாம் மூச்சிழுப்பது முக்கியமாக அதனால்தான். இயந்திரம் அதன் வேலையைச் செய்யும்போது, சில நாட்களிலேயே அது மெலிந்து விடுகிறது. ஆகையால் வைத்தியர்கள் மயக்க மருந்தைக் குறைத்து, நோயாளியை விழிக்கச் செய்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை அவராக மூச்சு விடுகிறாரா என்று சோதிப்பார்கள். மூச்சு வேகமாகி, வியர்த்துக் களைத்தால், மீண்டும் இயந்திரத்தின் துணை கொடுத்து, பெரும்பாலும் மறுநாள் முயல்வார்கள். அதைக் கண்டு மனம் உடைய வேண்டாம்.

"பாவம், தூங்கட்டும்; மயக்க மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று சிலர் மன்றாடுவதுண்டு. அந்த இரக்கம் சில வேளை கெடுதலாகும். தினமும் விழிக்கச் செய்து சுவாசச் சோதனையும் நடத்தினால் நோயாளிகள் விரைவில் இயந்திரத்தை விட்டு விலகுகிறார்கள் என்று 2008ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

சரி, நாம் செய்யத்தக்கது யாது?

முதலாவது, குழாய் இருக்கும்வரை அவரால் பேச முடியாது. ஆம், இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்வியாக, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

இரண்டாவது, அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் நர்ஸிடம் கேட்டு அணிவியுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், நீங்கள் யார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். முதியோர் சிலர் அங்கே இல்லாததைக் கண்டதாகக் காட்டுவார்கள்; பெற்ற பிள்ளையையே அறியார்கள்; குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். இது நோயினாலும் மருந்தினாலும் வரும் மனக்குழப்பம், பேயுமன்று, பைத்தியமுமன்று. வாதாடாமல் கையைப் பிடித்துக் கொண்டு, அவர் நெடுநாள் சொல்லிப் பழகிய ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். பழகிய குரல் மனதை அமர்த்தும்.

மூன்றாவது, சோதனை வேளையில் கூட்டம் கூடி அழ வேண்டாம். கை கழுவி, அமைதியுள்ள ஒருவர் அருகே நின்றால் போதும்.

நான்காவது, இதை மறவாதீர்கள்: குழாயை எடுத்தவுடன் அவர் தண்ணீர் கேட்பார். நர்ஸ் சொல்லாமல் ஒரு துளியும் கொடுக்கலாகாது. விழுங்கும் தசைகள் சோர்ந்திருப்பதால், நீங்கள் ஆசையோடு ஊட்டும் காப்பியும் கஞ்சியும் நுரையீரலுக்குள் இறங்கி, மறுபடி நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். குரல் கரகரத்தால் பேச வற்புறுத்தாதீர்கள்.

ஐந்தாவது, அவரை உட்கார வைக்கவும் கைகால் அசைக்கவும் பிசியோதெரபிஸ்ட் வந்தால், "விழுந்து விடுவார்" என்று தடுக்காதீர்கள்.

1952ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது போதிய சுவாச இயந்திரங்கள் இல்லை. பியோர்ன் இப்சென் என்னும் வைத்தியர் காட்டிய வழிப்படி, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் பக்கத்தில் அமர்ந்து, கையால் பையை அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. பக்கத்தில் அமரும் வேலை நமக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரி அனுமதிக்கும் நேரத்தில் யார் யார் எப்போது போவது என்று வீட்டில் இன்றே முறை வகுத்துக் கொள்ளுங்கள். போகிறவர் கண்ணாடியை எடுத்துச் செல்ல மறவாதிருக்கட்டும்.

— பங்குக் குரு