மேரி வர்கீஸ் அம்மையார்

காயம் ஆறியதும் வைத்தியம் முடிந்துவிடுகிறதா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் (1925–1986) தம் வாழ்க்கையாலேயே இதற்கு விடை பகர்ந்தார்.

1954இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர்தம் முதுகுத்தண்டு ஊறுபட்டுக் கால்கள் செயலற்றன. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அதற்கெனத் தனி நிலையம் அங்கே எழுந்தது. எஞ்சிய வலிமையைப் பயிற்றி, நோயாளியைத் தொழிலுக்கும் இல்லத்துக்கும் மீட்பதே அதன் நோக்கம். நோயாளியாய்க் கற்றதை ஆசிரியராய்க் கற்பித்த அம்மையாருக்கு 1972இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தாம்பரத்துச் சோலையினூடே நடந்து, படியேறி வகுப்புக்குச் செல்லும் நாம், ஏற இயலாத ஒருவர் கீழே நிற்கக் கண்டால், குறை அவர் காலிலா, நம் படியிலா என்று சிந்திப்போமாக.