சுரண்டிப் பார்த்து வாங்குவோம்: பள்ளிக்கு ஒரு மைக் செட்

காலை வணக்கக் கூட்டம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மைக்கின் முன் நின்று குறளும் பொருளும் சொல்கிறாள். முதல் நாள்தான் வாங்கி வந்த புதிய ஸ்பீக்கர் பெட்டி. பளபளக்கும் விளக்குகள், பெட்டியின் மேல் '4000 வாட்' என்று பெரிய எழுத்து. முன்வரிசைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பின்வரிசையில் சலசலப்பு. அருகில் போய், "என்ன குறள் சொன்னாள்?" என்று கேட்டேன். "சத்தம் கேட்டது ஐயா, என்ன சொன்னாங்கன்னு தெரியல" என்றான் ஒரு மாணவன்.

சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. அந்த மாணவி அதற்குப் பிறகு ஒரு வாரம் மைக் அருகே வரவில்லை. தன் குரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். தவறு அவள் குரலில் இல்லை. நாங்கள் பெட்டியைத் தேர்ந்தெடுத்த முறையில் இருந்தது.

எங்கள் பள்ளி காஞ்சிபுரத்தில் இருக்கிறது. பெற்றோரில் பலர் தறி நெய்பவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, உறுப்பினரான நெசவாளர் ஒருவர் சிரித்தார். "கடையில என்ன சார் போட்டுக் காட்டினாங்க?" என்றார். "சினிமாப் பாட்டு" என்றேன். "நாங்க ஜரிகையை மினுக்கைப் பாத்து வாங்க மாட்டோம் சார். சுரண்டிப் பாப்போம். உள்ளே சிவப்புப் பட்டு தெரியுதா, வெள்ளி தெரியுதான்னு பாப்போம்" என்றார்.

2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் மதிப்பே இந்தச் சோதனையில்தான் நிற்கிறது. பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது அசல் ஜரிகை. தூரத்திலிருந்து பார்த்தால் போலியும் அதே போல்தான் மின்னும். தூய ஜரிகை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இவ்வூரில் இயங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அட்டைப் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி வாங்கியிருந்தோம்.

கலைத் திருவிழா, ஆண்டு விழா, பள்ளி இசைக்குழு என்று இன்று அரசுப் பள்ளிகள் பலவும் ஒலிக் கருவிகள் வாங்குகின்றன. சில இடங்களில் முன்னாள் மாணவர்கள் வாங்கித் தருகிறார்கள். குறைந்த செலவில் நல்லதைத் தேர்ந்தெடுக்கத் தனிப் படிப்பு தேவையில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் உள்ள மின்னோட்டவியல், ஒலியியல் பாடங்களே போதும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் வாங்கும் வேலையே ஒரு பாடமாகிவிடும்.

முதல் சோதனை: வாட் கணக்கு

பெட்டியின் மேல் உள்ள வாட் எண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'பி.எம்.பி.ஓ.' என்று இருந்தால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடலாம். அதை அளப்பதற்குப் பொதுவான விதிமுறை கிடையாது. விற்பவர் விரும்பியதைப் போட்டுக்கொள்ளலாம். 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்துள்ள எண்தான் கருவி தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டுவது.

ஆர்.எம்.எஸ். எண்ணே இல்லையென்றால் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது என்று கொள்வோம். அதில் சேமிக்கப்படும் ஆற்றல் 12 × 7 = 84 வாட்-மணி. அது உண்மையிலேயே 4000 வாட் தொடர்ந்து செலவழித்தால் ஒன்றேகால் நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். ஆனால் அதே அட்டையில் '4 மணி நேரம் ஓடும்' என்றும் எழுதியிருப்பார்கள். 84ஐ 4ஆல் வகுத்தால் 21 வாட். பேச்சிலும் பாட்டிலும் சராசரித் திறன் உச்சத் திறனைவிட மிகக் குறைவு என்பதால் இது துல்லியமான அளவன்று. ஆனாலும் 4000 என்பது எவ்வளவு தூரம் உண்மைக்கு வெளியே இருக்கிறது என்று காட்ட இது போதும். ஆற்றல் அழிவின்மை விதியைப் பிள்ளைகள் மறக்காமல் இருக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

மின் இணைப்பில் ஓடும் கருவியானால் பின்புறத் தகட்டில் அது எடுக்கும் மின்திறன் அச்சிடப்பட்டிருக்கும். எடுப்பதைவிட அதிகமாக எந்தக் கருவியும் தொடர்ந்து தர முடியாது.

இரண்டாவது சோதனை: டெசிபல்

வாட் என்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்திறன். அதில் எவ்வளவு ஒலியாக வெளியே வருகிறது என்பதைச் சொல்வது வேறோர் எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்று ஸ்பீக்கரின் விவரத்தாளில் குறிப்பிட்டிருப்பார்கள். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நாம் கேட்க வேண்டிய எண் இது.

திறன் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல் கூடும். அப்படியானால் 90 டெசிபல் என்று குறித்த பெட்டிக்கு 200 வாட் கொடுத்தால் கிடைக்கும் ஒலி, 96 டெசிபல் பெட்டிக்கு 50 வாட் கொடுத்தாலே கிடைத்துவிடும். இரண்டும் 113 டெசிபல்தான். பெரிய ஆம்ப்ளிஃபயருக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட நல்ல ஸ்பீக்கரும் நடுத்தர ஆம்ப்ளிஃபயரும் வாங்குவது சிக்கனம்.

தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 2 மீட்டரில் 94, 4இல் 88, 8இல் 82, 16இல் 76, 32இல் 70. முன்வரிசைக்குக் காது வலிக்கிறது, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் இதுதான். இதற்குத் தீர்வு ஒலியைக் கூட்டுவதன்று. ஒரே பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பெட்டிகள் வாங்கி, ஒன்றை முன்னாலும் மற்றொன்றை மைதானத்தின் நடுவில் பக்கவாட்டிலும், தலைகளுக்கு மேலே உயரத்தில், ஒரே திசை பார்த்து வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடைவெளி மிகக் கூடினால் ஒரே சொல் இருமுறை கேட்கும். ஒலி 34 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.1 நொடி ஆகிறது என்பதை எதிரொலிப் பாடத்திலிருந்து நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை: சொல் கேட்கிறதா?

சுரண்டிப் பார்ப்பது என்றால் இதுதான். கடையில் பாட்டுப் போட்டுக் காட்டும்போது 'தும் தும்' என்ற தாழ்ந்த ஒலி நம்மை மயக்கிவிடும். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளுக்கான செய்தி பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் உள்ளது. தாழ்ந்த ஒலியை மட்டும் ஊதிப் பெருக்கும் பெட்டியில் உயிரொலி கேட்கும், மெய்யொலி மங்கிவிடும். எங்கள் மாணவியின் குறளுக்கு நேர்ந்தது அதுதான்.

எனவே கடையில் பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கை வாங்கிப் பேசிப் பாருங்கள். முடிந்தால் பெட்டியை ஒரு நாள் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லி, கீழ்க்கண்ட செயல்பாட்டைச் செய்யுங்கள்.

செயல்பாடு: கடைசி வரிசைச் சொல்வதெழுதுதல்

முதல் எழுத்து மட்டும் மாறும் சொற்களாக இருபது எடுத்துக்கொள்ளுங்கள். கடம், தடம், படம், மடம், வடம். கட்டு, தட்டு, பட்டு, மட்டு, எட்டு. கல், பல், வில், நெல், சொல் என்பன போல. கரை–கறை போன்ற சொற்கள் வேண்டாம். அந்த வேறுபாடு பேசுபவரின் நாவிலேயே மறைந்துபோவது உண்டு, பெட்டியைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய குரலுள்ள மாணவர் ஒருவர் வரிசையை மாற்றி மாற்றி மைக்கில் வாசிக்கட்டும். கடைசி வரிசையில் பத்துப் பேர் கேட்டு எழுதட்டும். முதலில் வகுப்பறையில் மைக் இல்லாமல் ஒருமுறை எழுதச் சொல்லி அதை ஒப்பிடும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் சராசரி மதிப்பெண் கண்டு பட்டை விளக்கப்படம் வரையலாம். தமிழ், அறிவியல், கணக்கு மூன்றும் ஒரே பாடவேளையில் வந்துவிடுகின்றன.

எங்கள் பளபளப்புப் பெட்டி பாதி மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய, விளக்கு எதுவும் இல்லாத பழைய கறுப்புப் பெட்டி அதை எளிதாக வென்றது. பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

மைக், கம்பி, இணைப்பு

பணத்தை எல்லாம் பெட்டிக்குச் செலவழித்துவிட்டு மைக்கை இலவசமாகக் கிடைத்ததில் முடித்துக்கொள்வது பொதுவான தவறு. முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் மைக் பள்ளிக்கு ஏற்றது. ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து சுற்றி வருவதால்தான் 'கீச்' என்ற ஊளை எழுகிறது. மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்தாலும் ஊளை கூடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு கைப்பிடி தூரம் இருக்கப் பழக்குங்கள்.

கூடுதல் பெட்டிகள் இணைக்கும் முன் ஓம் கணக்கைப் பாருங்கள். 8 ஓம் பெட்டிகள் நான்கைப் பக்க இணைப்பில் போட்டால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று குறித்த ஆம்ப்ளிஃபயர் அப்போது சூடேறிப் பழுதாகும். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு தொகுதிகளைப் பக்க இணைப்பில் போட்டால் மீண்டும் 8 ஓம் கிடைக்கும். மூன்று முனை பிளக்கின் நில இணைப்பை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது. ஈரத் தரையில், ஈரக் கையோடு பிள்ளைகள் மைக்கைத் தொடக் கூடாது.

எது மலிவு?

விலை குறைந்தது எல்லாம் மலிவன்று. வாங்கும் முன் நாங்கள் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை:

1. தினமும் எதற்குத் தேவை? காலைக் கூட்டத்துக்குச் சிறிய, தெளிவான செட் போதும். ஆண்டு விழாவுக்கு மட்டும் பெரிய செட்டை வாடகைக்கு எடுக்கலாம்.
2. மைக், தாங்கி, கம்பி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு என்ன?
3. பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடியுமா? உதிரிப் பாகம் கிடைக்குமா?
4. பேட்டரி மாற்றக்கூடியதா?
5. விலைப்புள்ளிகளை ஒப்பிட்டோமா? மேலாண்மைக் குழுத் தீர்மானம், ரசீது, உத்தரவாத அட்டை, இருப்புப் பதிவேட்டுப் பதிவு எல்லாம் உள்ளனவா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமுண்டு. அங்கு பகலில் 50 டெசிபல் என்பதே வரம்பு. நம் பெட்டியின் முழக்கம் பக்கத்துத் தெருவுக்குப் போகத் தேவையில்லை. நம் கடைசி வரிசை வரை போனால் போதும்.

எங்கள் பள்ளியில் அந்தப் பளபளப்புப் பெட்டி இப்போது விளையாட்டு வகுப்பில் பாட்டுப் போடப் பயன்படுகிறது. கூட்டத்துக்கு விலை குறைந்த, அழகில்லாத இரண்டு சிறிய பெட்டிகள் வாங்கினோம். அவற்றைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல். சொல்வதெழுதுதலில் சொற்களை வாசித்தவள் அதே ஏழாம் வகுப்பு மாணவிதான். அடுத்த திங்கட்கிழமை அவளே குறள் சொன்னாள். பின்வரிசைக்குப் போய்க் கேட்டேன். குறளை மட்டுமன்றிப் பொருளையும் சொன்னான் அந்த மாணவன்.