அக்கா வீட்டுக்கு உங்கள் கையெழுத்து

மயிலாப்பூரிலோ அடையாறு காந்தி நகரிலோ பழைய வீடு ஒன்று பூட்டிக் கிடந்தால், ஒரு சாவி நியூஜெர்சியில் இருக்கும். இன்னொன்று உள்ளூர்த் தம்பியிடம் இருக்கும். ஒருநாள் அக்கா போனில் சொல்வார்: "இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடலாம்டா. நீதான் கூட இருந்து பாத்துக்கணும்." அன்றிலிருந்து தம்பி வெறும் தம்பி இல்லை. அக்காவின் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர். அந்தக் கையெழுத்தை எங்கே போடுவது, எப்போது போடாமல் இருப்பது என்பதுதான் இந்த வேலையே.

1. அதிகாரத்தை எழுத்தில் வாங்குங்கள்

அக்கா தரும் பவர் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வரட்டும். இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அதோடு ஒரு தனிக் கடிதமும் வாங்குங்கள்: அவரைக் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை நீங்கள் முடிவெடுக்கலாம் என்று அதில் இருக்கட்டும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கேட்டபோது கணக்குக் காட்டுவது முகவரின் கடமை. தம்பிக்கும் அதுதான் சட்டம்.

2. எந்த வகை ஒப்பந்தம்?

சதுர அடி ரேட்: வரைபடம் முடிவாகிவிட்ட புது வீட்டுக்குச் சௌகரியம். ஆனால் எதையெல்லாம் சதுர அடியில் சேர்க்கிறார்கள் என்பதில்தான் சண்டை வரும். பால்கனி முழுதா பாதியா, சம்ப், காம்பவுண்டு சுவர், கேட், மாடிப்படி ஹெட்ரூம் உள்ளேயா வெளியேயா என்று வரிவரியாக எழுதுங்கள்.

அயிட்டம் ரேட்: ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை, செய்த அளவுக்குத்தான் பணம். பழைய வீட்டைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே இதுதான் நியாயம்.

லேபர் காண்ட்ராக்ட்: சிமென்ட், கம்பி, எம்சாண்ட் எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும். தினமும் சைட்டில் நிற்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

எந்த ரேட்டானாலும் ஜிஎஸ்டி அடக்கமா என்று கேளுங்கள். தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

3. மூன்று பேரிடம், ஒரே தாளில்

மூன்று காண்ட்ராக்டர்களுக்கும் ஒரே வரைபடம், ஒரே அளவுப் பட்டியல், ஒரே பிராண்டு பட்டியல் கொடுங்கள். மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் அஸ்திவாரத்துக்கு மிகக் குறைவாகப் போட்டிருந்தால், அது பின்னால் 'எக்ஸ்ட்ரா'வாகத் திரும்பி வரும். மூவரில் ஒவ்வொருவரும் இப்போது கட்டும் வீட்டைவிட, ஐந்து வருஷம் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பாருங்கள். மொட்டைமாடி ஓதத்தைப் பற்றி அந்த வீட்டுக்காரர் சொல்வதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

4. அக்ரிமெண்டில் விடக்கூடாதவை

அனுமதி பெற்ற வரைபடத்தை இணையுங்கள். சைட்டில் நடப்பது அதிலிருந்து விலகினால் பதில் சொல்லப்போவது அக்கா.

பணத்தை வேலைக் கட்டங்களாகப் பிரியுங்கள். வேலை முந்த வேண்டும், பணம் பிந்த வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்து வையுங்கள்.

கெடுவைக் காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அஸ்திவாரக் குழி குளமாகும். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா நாட்களில் மாடவீதிப் பக்கம் லாரி வராது. தாமத அபராதத்தை வானளாவ எழுதிப் பயனில்லை. எழுதிய தொகைக்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் தரும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு.

தொழிலாளர் காப்பீடு யார் பொறுப்பு என்று எழுதுங்கள். தி.நகர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில், கடப்பாரை விழுமுன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டு அவர் சுவரில் உள்ள விரிசல்களைப் போட்டோ எடுங்கள். பழைய விரிசலுக்குப் புது நஷ்டஈடு கேட்பது சென்னையில் புதிதல்ல.

5. வேலை நடக்கும்போது

வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் போய், சைட் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கான்கிரீட் போடுவதற்கு முதல்நாள் உங்கள் என்ஜினியர் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். மூடிய பிறகு பார்க்க ஒன்றுமில்லை.

1000 சதுர அடித் தளம் 5 அங்குலத்தில் சுமார் 12 கன மீட்டர் கான்கிரீட். ஐஎஸ் 456 விதிப்படி இதற்குக் குறைந்தது 2 மாதிரிகள். மாதிரிக்கு 3 க்யூப், ஆக 6. அவற்றின் 28 நாள் ரிசல்ட் வரும்வரை அந்தத் தளத்துப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம் என்று அக்ரிமெண்டிலேயே இருக்கட்டும்.

பில் வந்தால் டேப்பை எடுங்கள். நீங்கள் அளக்காத எதற்கும் கையெழுத்துக் கிடையாது.

அடுத்த தலைவலி அக்காவேதான். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் நேராக "அந்த டைல்ஸே போடுங்க" என்பார். இரண்டு பேரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எந்த மாற்றமும் உங்கள் வழியாக, எவ்வளவு கூடுதல் பணம், எத்தனை கூடுதல் நாள் என்று எழுதி, அக்கா சம்மதித்த பிறகுதான்.

6. சாவி வாங்கும்போது

கிரகப்பிரவேச அவசரத்தில் கடைசி பில்லுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பாக்கி வேலைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடியுங்கள். பூசுவதற்கு முன் எடுத்த குழாய், ஒயர் போட்டோக்களை வாங்கி வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

பிடித்து வைத்த 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை போன பிறகுதான் விடுவிப்பது என்று அக்ரிமெண்டிலேயே எழுதிவிடுங்கள். ஜனவரியில் மாடி ஏறிப் பாருங்கள். சீலிங் காய்ந்திருந்தால், அந்தக் கடைசி செக்குக்கும் அக்காவைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.