ஷூட்டிங் லைட்டுக்குள் எரிவது பாதரசம் மட்டுமா?

பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டியில் இரவுப் படப்பிடிப்பு என்றால் அந்தப் பக்கத்து வானமே வெளுத்துவிடும். கிரேனில் ஏற்றிய ஹெச்எம்ஐ விளக்குகளின் வேலை அது. பெரிய விளக்கு ஒன்றே 18,000 வாட். “உள்ளே பாதரசம் எரியுது” என்பது வேடிக்கை பார்ப்பவர்களின் விளக்கம். பெயரின் முதல் எழுத்தே பாதரசத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்பதால் இந்த நம்பிக்கைக்குச் சாட்சியும் உண்டு.

பாதி உண்மைதான். பாதரசம் மட்டும் இருந்தால் பழைய தெருவிளக்கு போல நீலப்பச்சை வெளிச்சம் வரும். கதாநாயகி காய்ச்சல்காரி மாதிரி தெரிவார். 1960களின் கடைசியில் ஜெர்மனியின் ஆஸ்ராம் நிறுவனம் உருவாக்கிய இந்த பல்பில் டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் தனிமங்களின் அயோடைடு உப்பும் சேர்கிறது. பாதரச ஒளியில் விழும் இடைவெளிகளை டிஸ்ப்ரோசியம் தன் ஆயிரக்கணக்கான நிறமாலைக் கோடுகளால் நிரப்புவதால்தான் நள்ளிரவில் பட்டப்பகல் கிடைக்கிறது. அணைந்து ஆறிய பல்பைக் கிட்டத்தில் பார்த்தால் குவார்ட்ஸ் சுவரில் பாதரசத் துளிகளும் மங்கலான உப்புப் படிவும் தெரியும். லைட்மேன் ஸ்விட்சைப் போட்டதும் முதலில் நீலம் பாய்கிறது. அந்தப் படிவு சூடேறி ஆவியான பிறகுதான் வெள்ளை வருகிறது.

அப்படியானால் டிஸ்ப்ரோசியத்தை உலோகமாகவே போட்டால் என்ன? அது கொதிக்க 2,500 டிகிரிக்கு மேல் வேண்டும், குவார்ட்ஸ் தாங்காது. அயோடைடு அதைவிட வெகு குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சோடியம் அயோடைடைக் கூடச் சேர்த்தால் இன்னும் எளிது. இரண்டு உப்பும் கைகோத்து, ஒரு சோடியம், ஒரு டிஸ்ப்ரோசியம், நான்கு அயோடின் கொண்ட மூலக்கூறாகவே பறக்கும். இத்தகைய ஆவிகளை யூலிஷ் ஆய்வு மையத்தில் ஹில்பர்ட் குழுவினர் அளந்திருக்கிறார்கள்.

திடநிலையில் கதை வேறு. உப்பு என்றதும் சமையல் உப்பின் கட்டம் நினைவுக்கு வருகிறது: ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின். அருமண் உப்புகள் எல்லாம் அந்த வார்ப்பில் வருவதில்லை. லாந்தனம் அயனி பருத்தது. அதன் குளோரைடில் ஒன்பது குளோரின் சுற்றி நிற்கும். இட்ரியம் சிறியது, ஆறுதான். மூன்றாவது தனிமம் நுழைந்தால் அடுக்கும் மாறும். சீசியம், சோடியம், இட்ரியம் மூன்றும் சேர்ந்த குளோரைடில், இட்ரியத்தைச் சூழும் ஆறு குளோரின்களும் மூலைகளாக அமையும் எண்முகங்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்கின்றன. சீசியமும் இட்ரியமும் சேர்ந்த அயோடைடிலோ எண்முகங்கள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு, மூன்று அயோடினைப் பங்குபோடுகின்றன. ஒரே இட்ரியம்தான், அக்கம்பக்கம் மாறினால் வீட்டு அமைப்பும் மாறுகிறது.

அணைத்த விளக்கு உடனே எரியாவிட்டால் “பல்பு போச்சு” என்பதும் தப்பு. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். சாதாரண மின்பொறி அதை ஊடுருவாது. ஆறட்டும் என்று லைட்மேன் காத்திருப்பது அதனால்தான்.

“நம்ம மணவாளக்குறிச்சி மண்ணிலேயே இதெல்லாம் இருக்கே” என்ற பெருமைக்கும் திருத்தம் தேவை. அங்குள்ள மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஏராளம், டிஸ்ப்ரோசியம் பேருக்குத்தான். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண் தனிமங்களில் டிஸ்ப்ரோசியமும் இட்ரியமும் இருந்தன. சீரியமும் லாந்தனமும் இல்லை.