தானே ரீஸ்டார்ட் ஆகும் கேமிங் கம்ப்யூட்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பார்ட் பார்ட்டாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்து, தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. எர்ரர் செய்தி எதுவும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்கிறார்கள், அடுத்த கடையில் ராம் என்கிறார்கள், நண்பன் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறான். காலேஜ் பிள்ளைகள் மாதக்கணக்கில் சேர்த்த காசு, யாரோ சொன்ன ஊகத்துக்காகக் கரைவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தது விண்டோஸா, பிராசசரா, மின்சாரமா என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் பைசா செலவில்லை.

“ஹீட்டு தாங்கல, அதான்.”

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்துவிடுவார்கள். இன்றைய பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். ரைசன் 7000 வரிசையில் பல பிராசசர்கள் 95 டிகிரி வரை போய் வேலை செய்யும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ரகங்களுக்கு வரம்பு 100 டிகிரி. கூலர் கழன்று அதையும் தாண்டினால் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை வெட்டும். அப்போது மெஷின் பொதுவாக அணைந்தே கிடக்கும், உடனே தானாக எழுந்து வராது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் லாகிங்கை ஆன் செய்துவிட்டு விளையாடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் அந்தப் பதிவின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே 72 டிகிரி இருந்தால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

“ஈவென்ட் வியூவர்ல கர்னல்-பவர் 41 வந்திருக்கு, எஸ்எம்பிஎஸ் போயிருச்சு.”

இந்த ஒரு வரியை நம்பி நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப்போட்டவர்கள் ஏராளம். 41 என்ற பதிவு, ரீஸ்டார்ட் ஆகும் நொடியில் எழுதப்படுவது அல்ல. அடுத்த முறை விண்டோஸ் எழுந்திருக்கும்போது, ‘போன முறை ஒழுங்காக மூடப்படவில்லை’ என்று எழுதிவைக்கும் குறிப்பு அது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் வரும்.

பார்க்க வேண்டியது அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் இருக்கும் ‘பக்செக் கோட்’ எண்ணை. அது பூஜ்யமாக இல்லையென்றால் ப்ளூ ஸ்க்ரீன் வந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்று போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும். எண் 292 என்றால் ஹார்ட்வேர் பிழையைப் பிராசசரே புகார் செய்திருக்கிறது. பக்கத்திலேயே டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 என்ற பதிவும் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் வரும் ஏபிஐசி ஐடி ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணாக இருந்தால், குறிப்பிட்ட ஒரு கோர் தடுமாறுகிறது என்று சந்தேகிக்கலாம்.

எண் பூஜ்யம் என்றால், விண்டோஸுக்கு எழுதவே அவகாசம் கிடைக்கவில்லை. மின்னழுத்தம் சரியாக இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு ‘பவர் குட்’ என்ற சிக்னலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு ரீசெட் ஆகிவிடும். கேபினட்டின் ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு ஷார்ட் ஆனாலும் இதே கதைதான். மதர்போர்டில் ரீசெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அவ்வளவு சின்ன விஷயமாகவும் இருக்கலாம்.

“750 வாட் கோல்டு போட்டிருக்கேன், பவர் பிரச்சினையா இருக்காது.”

2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டின் மின் கணக்கு 320 வாட். அது சராசரிதான். மில்லிசெகண்டிலும் குறைவான நேரத்துக்கு அந்தக் கார்டு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். சில எஸ்எம்பிஎஸ்கள் அந்தத் துள்ளலை ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தை வெட்டிவிடும். அதனால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, புதிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோசெகண்டு தாங்க வேண்டும் என்று கேட்டது. ‘கோல்டு’ முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. துள்ளலைத் தாங்குமா என்று அது சொல்லாது. பேப்பர் கிளிப்பைச் சொருகி ஃபேன் சுற்றுகிறது என்று காட்டும் சோதனையும் லோடு இல்லாத சோதனைதான்.

கேபினட்டைத் திறந்து கேபிளைப் பாருங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு 8 பின் தலைகள் இருந்து, இரண்டும் கார்டில் சொருகப்பட்டிருந்தால் அதை மாற்றி, தலைக்கு ஒரு தனிக் கேபிள் போடுங்கள். ஒரு 8 பின் தலைக்கு விதிப்படி 150 வாட். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75. ஆனால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை மட்டும் எடுத்துச் சொருகாதீர்கள். தலை பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும், இணைத்த பாகம் புகைந்துவிடலாம். பிறகு ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி விளையாடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் சந்தேகம் மின்சாரத்தின் பக்கமே சாய்கிறது. புது எஸ்எம்பிஎஸ் பற்றி யோசிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான்.

“யூபிஎஸ் இருக்கே.”

நம் வீடுகளில் வாங்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். விளையாடும்போது 450 வாட் இழுக்கும் மெஷினை அதில் மாட்டினால், கரண்ட் போன நொடியில் ஓவர்லோடு ஆகி அதுவும் கைவிடும். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் பின்னால் இருக்கும் ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் மோடில் மாறுவதற்கு நேரம் பிடிக்கும். எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லிசெகண்டுதான். நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லிசெகண்டு. தண்ணீர் மோட்டார் போடும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் கம்ப்யூட்டரைப் பிரிப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

“ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ராத்திரி பூரா ஓடுச்சு, ஹார்ட்வேர் ஓகே.”

சும்மா யூட்யூப் பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகி, கேமில் மணிக்கணக்கில் தாங்கும் மெஷின்கள் உண்டு. எல்லாக் கோர்களும் முழு லோடில் இருக்கும்போது வேகம் குறைவாகவே இருக்கும். லோடு குறைந்து ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் துள்ளும்போதுதான் போதாத வோல்டேஜ் காட்டிக்கொடுக்கும். ரைசனில் வோல்டேஜைக் குறைக்க கர்வ் ஆப்டிமைசரை மைனஸில் வைத்தவர்கள் முதலில் அதைச் சந்தேகிக்க வேண்டும். ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும்கூட ஓவர்கிளாக்தான். டப்பாவில் 6000 என்று போட்டிருப்பது பிராசசர் கொடுத்த உறுதி அல்ல. ரைசன் 7000இல் நான்கு ராம் குச்சிகள் போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600 மட்டுமே. பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் ஓட்டுங்கள், பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 போடுங்கள். மெம்டெஸ்ட் ஓடும்போதோ பயாஸ் திரையிலோ ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் மீது பழி இல்லை. ஃபார்மட் அடிக்கும் வேலையும் மிச்சம்.

“பிராசசர் மட்டும் கெடவே கெடாது.”

பல வருடங்களாகப் பெரும்பாலும் சரியாக இருந்த பேச்சுதான். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் கே ரகங்களும் கே அல்லாத சில உயர் ரகங்களும் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதாவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பொய்யாக ஒரு செய்தி வருவதும் இதன் அறிகுறிகளில் ஒன்று. மைக்ரோகோட் திருத்தம் பயாஸ் அப்டேட்டாகக் கிடைக்கிறது. அது இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே சேதமான பிராசசரைச் சரிசெய்யாது. டப்பாவில் வந்த இந்த ரகங்களுக்கு வாரண்டியை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள். வாங்கிய பில்லை எடுத்துவைத்துக்கொண்டு, கடைக்காரர் “அதெல்லாம் முடிஞ்சிருச்சு” என்று சொன்னாலும் திரும்பிவிடாமல் இன்டெலிடம் நேரடியாக வாரண்டி கேளுங்கள்.