சொந்தச் சேனையே மூளையைத் தாக்கும்போது



நன்றாகப் படித்துவந்த இளம்பெண் சில நாட்களில் தூக்கமிழந்து பிதற்றுகிறாள். இல்லாத குரல்களைக் கேட்கிறாள். வாய் கோணுகிறது, வலிப்பும் வருகிறது. அம்பத்தூரானாலும் ஆவடியானாலும் பூந்தமல்லியானாலும், இதைக் கண்டவுடன் “பிசாசு பிடித்திருக்கிறது” என்பவர்கள் நம் சபைகளிலும் உண்டு. அப்படி வீணாகும் வாரங்கள் உயிரையே பறிக்கலாம்.

2007இல் டாக்டர் ஜோசப் டால்மாவ் குழுவினர் இதற்கொரு காரணத்தைக் கண்டறிந்தார்கள். கிருமிகளோடு போராடவேண்டிய எதிர்ப்பொருள்கள், மூளை நரம்புகளிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குகின்றன. சில பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி இதைத் தூண்டுகிறது. தண்டுவட நீரைச் சோதித்து நோயை உறுதிசெய்கிறார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று ஆகியவை முதற்கட்டச் சிகிச்சை; கட்டியிருந்தால் அகற்றவேண்டும். 577 நோயாளிகளைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப்பேர் நல்ல நிலைக்குத் திரும்பினார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்கள் அதிகம் தேறினார்கள்.

மற்றவர்கள் ஏன் தேறவில்லை? அடுத்தகட்ட மருந்தான ரிட்டுக்ஸிமாப், சி.டி.20 என்ற அடையாளமுள்ள பி செல்களை அழிக்கிறது. எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் பெரும்பாலும் அந்த அடையாளமில்லை, அவை தப்பிவிடுகின்றன.

மூட்டையை எடைபோட்டால் அரிசியில் கல் இருப்பது தெரியாது, முறத்திலிட்டுத்தான் பொறுக்கவேண்டும். அதுபோலவே செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராயும் முறை வந்துள்ளது. 2016இல் பெர்லின் சாரிட்டே மருத்துவர்கள் நோயாளிகளின் தண்டுவட நீரிலிருந்து தனித்தனிச் செல்களை எடுத்து, எவற்றின் எதிர்ப்பொருள் மூளையைத் தாக்குகிறது என்று காட்டினார்கள். ஒரு நோயாளியின் உடலில் குற்றவாளி எந்தச் செல் என்று தெரிந்தால், அவருக்கேற்ற மருந்தைத் தெரிந்தெடுக்கலாம். பிளாஸ்மா செல்களைத் தாக்கும் போர்டிசோமிப் மருந்தும் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டுள்ளது. இவையெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்திலேயே உள்ளன; ஏழையின் படுக்கையருகே வரக் காலமாகும்.

ஆனாலும் நாம் சோர்ந்துபோவதில்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். அன்று அரிதாயிருந்த சிகிச்சையை ஒரு மிஷன் மருத்துவமனை நம் மக்களுக்குத் திறந்துவைத்தது.

ஆகவே அன்பானவர்களே, திடீரென்று குணம் மாறிய பிள்ளைக்காக ஜெபியுங்கள். அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டும் ஒரே தேவனுடைய ஈவுகள். ஸ்டீராய்டு மலிவு, இம்யூனோகுளோபுலினும் ரிட்டுக்ஸிமாபும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத விலை. அந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் காணிக்கையே.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.