கோதுமை மாட்டுக்கு ஆகுமா?

"நல்ல தானியம்தானே, எவ்வளவு போட்டால் என்ன?" என்று அள்ளி வைப்பவர்கள் ஒரு பக்கம். "கோதுமை சூடு, மாட்டுக்கே ஆகாது" என்று ஒதுக்குபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு நினைப்புமே தவறு. கோதுமை தரமான தீவனம். எரிசக்தியில் மக்காச்சோளத்துக்கு ஏறக்குறைய நிகர், புரதத்தில் அதைவிட மேல். ஆனால் அதன் மாவுச்சத்து மாட்டின் வயிற்றில் மிக வேகமாக நொதிக்கிறது. அந்த வேகத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

மாட்டின் பெருவயிற்றில் செரிமான வேலையைச் செய்பவை கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள். வைக்கோலையும் புல்லையும் அவை நிதானமாக நொதிக்க வைக்கும். அப்போது உண்டாகும் அமிலத்தை, அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர் சமன்செய்துவிடும். கறவை மாட்டுக்கு அது ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் ஊறும். பழக்கமில்லாத மாடு ஒரே வேளையில் வயிறு முட்டக் கோதுமை தின்றுவிட்டால் உமிழ்நீரால் ஈடுகொடுக்க முடியாது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மளமளவெனப் பெருகும். 6 முதல் 7 வரை இருக்க வேண்டிய பிஎச் அளவு 5-க்கும் கீழே இறங்கும். மாடு அசைபோடாது. உடம்பிலுள்ள நீர் பெருவயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, கண் குழிவிழும். சாணம் புளித்த வாடையோடு கூழாகக் கழியும். தின்ற தானியம் அதில் அப்படியே கிடக்கும். தள்ளாடிப் படுத்த மாடு ஓரிரு நாளில் இறந்தும் போகலாம்.

"வேகவைத்துக் கொடுத்தால் எளிதில் செரிக்கும்" என்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய நம்பிக்கை. வெந்த மாவுச்சத்து பச்சைத் தானியத்தைவிட வேகமாக நொதிக்கும். கோதுமைக் கஞ்சி, கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு, மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வீடு ஊட்டும் பொங்கல் எல்லாம் இதில் சேர்த்தி. பிரியத்தோடு ஊட்டியே மாட்டைப் பறிகொடுக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

வயிறு உப்பினால் எண்ணெய் ஊற்றும் பழக்கமும் இங்கே உதவாது. எண்ணெய் அமிலத்தை முறிக்காது. தள்ளாடும் மாட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடலாம். மிச்சத் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆப்பச் சோடா கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

"தானியம் கூடினால் பால் கூடும்" என்பது பாதி உண்மை. பால்கொழுப்பு உருவாகத் தேவையான அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் நார்ச்சத்திலிருந்து வருகிறது. வைக்கோலைக் குறைத்துக் கோதுமையைக் கூட்டினால் பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கும், கூடவே விலையும். நாளடைவில் குளம்பு நோவும் வரும்.

கோதுமையை மாவாக அரைக்காமல் ஒன்றிரண்டாக உடைத்து, மக்காச்சோளத்தோடு கலந்து, அடர்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். அந்த அளவையும் சிறிது சிறிதாகக் கூட்டி இரண்டு மூன்று வாரத்தில் எட்டினால் போதும். வைக்கோலோ புல்லோ முதலில் வயிற்றுக்குள் போகட்டும். முழுத் தானியத்தை மாடு சரியாக மெல்லாது, ஒரு பகுதி சாணத்தோடு போய்விடும். ஆடுகள் நன்றாக மென்றுவிடும் என்பதால் அவற்றுக்கு உடைக்க வேண்டியதில்லை. அளவுக் கட்டுப்பாடு மட்டும் அவற்றுக்கும் உண்டு.

பூஞ்சை பிடித்த கோதுமையை "மாட்டுக்குத்தானே" என்று போடாதீர்கள். அஃப்லாடாக்சின் நஞ்சு அதில் இருந்தால் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது.

மாவுச்சத்தில் பெரும்பகுதி நீங்கிய கோதுமைத் தவிட்டில் இந்த அமில ஆபத்து குறைவு. ஆனால் தவிடு மட்டுமே போதாது. அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தவிட்டிலேயே வளரும் காயடித்த கிடாய்க்குச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கலாம். கால்சியம் சேர்ந்த தாது உப்புக் கலவையும் தாராளமான தண்ணீரும் இதைப் பெருமளவு தடுக்கும். கிடாய் முக்கி முக்கி நின்று, சொட்டுச் சொட்டாகவே சிறுநீர் விட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பை உடைந்தால் காப்பாற்றுவது கடினம்.